மடத்துக்கு வந்த பிரிண்டர்

குருவைப் பார்க்கப் போகிறவர்கள் பழம் கொண்டுபோவார்கள், பூ கொண்டுபோவார்கள். சொர்ணலிங்கம் பிரிண்டரைக் கொண்டுபோனார்.

ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மடியில் இருந்த பெட்டி தொடையில் இடித்தது. இடிக்கு ஒரு வசவு என்று ஆட்டோக்காரனுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஆட்டோக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலுமிச்சை மண்டி சொர்ணலிங்கத்தின் வாய் எப்படி என்று ஊருக்கே தெரியும்.

சாக்குத் தூக்க வந்து மண்டிக்கு முதலாளி ஆனவர். படிப்பு கிடையாது, பின்னால் ஆள் கிடையாது. இருந்தது குரல் ஒன்றுதான். ஏலத்தில் அந்தக் குரல் ஒரு சுற்று ஏறினால் எதிரில் நிற்பவன் விலையை இறக்கிவிடுவான். மற்றவர்கள் பணத்தை முதலாகப் போட்டுத் தொழில் செய்தார்கள், இவர் கோபத்தைப் போட்டுச் செய்தார். லாபமும் வந்தது. பிறகு ரத்தக் கொதிப்பு வந்தது. டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். மனைவி சண்முகத்தாய், ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மடம் என்று ஊர்தான் சொல்கிறது. இரண்டு அறையும் ஒரு வேப்பமரமும் உள்ள சின்ன வீடு. அங்கே இருப்பவரை மடத்தம்மா என்பார்கள். சொர்ணலிங்கத்தைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். எங்கோ ஒரு காலேஜில் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் வந்திருக்காது.

முதல் தடவை போனபோது, கோபம் எப்படிப் போகும் என்று சொர்ணலிங்கம் கேட்டார். மடத்தம்மா ஒரு பையைக் கொடுத்து, சந்தைக்குப் போய்க் குரலை உயர்த்தாமல் பேரம் பேசிக் கத்திரிக்காய் வாங்கி வரச் சொன்னார். சொர்ணலிங்கம் போனார். காய்க்காரி சொன்ன விலையை அப்படியே கொடுத்து வாங்கிவந்து பையைப் போட்டுவிட்டு, இரண்டு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அப்புறம் தானாகவே வந்தார். நாலு வருஷமாக வந்துகொண்டிருக்கிறார். அம்மா செய்த உபதேசம் என்ன என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. ஒன்றும் சொன்னதில்லை என்பதுதான் காரணம்.

அன்றைக்கு மடத்தம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, மண்டியில தராசு மக்கர் பண்ணுதா?"

"பிரிண்டரு. வீட்டுல உள்ளது. வயர் இல்லாம அடிக்கிற ரகம். உயிர வாங்குது."

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்ய மாட்டேங்குது. ஒரு விளக்கு மட்டும் மினுக்கு மினுக்குனு மினுக்கிக்கிட்டுக் கெடக்கு."

"என்ன அடிக்கணும்?"

சொர்ணலிங்கம் பெட்டியை ஒரு கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டார். போனை எடுத்து நீட்டினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

கறுப்புக் கட்டம். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் சொர்ணலிங்கத்தின் ஒரே மகள் கோமதியின் படம். காலேஜ் முடித்த அன்று எடுத்தது, பல் தெரியச் சிரிக்கிறாள். படத்துக்குக் கீழே தோற்றம் என்று அவள் பிறந்த தேதி. மறைவு என்ற இடத்தில் போன மாதத்துத் தேதி ஒன்று. அடியில், வருந்தும் குடும்பத்தினர்.

அம்மா முழுவதையும் நிதானமாகப் படித்தார்.

"பிள்ள எப்படி இருக்கா?"

"கோயம்புத்தூர்ல நல்லாத்தான் இருக்காளாம்" என்றார் சொர்ணலிங்கம்.

விஷயத்தை அவர் நின்றபடியே கொட்டினார். வேலைக்குப் போன இடத்தில் ஒருத்தனோடு பழகிப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். நம்ம ஆள் இல்லை. அந்தக் கல்யாணத் தேதியைத்தான் மறைவில் போட்டிருக்கிறார். நாளைக் காலை பஸ்ஸில் இங்கே வருகிறாளாம். வாசலில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவேன் என்று தாய்க்காரிக்கு மட்டும் போன் பேசியிருக்கிறாள். வரட்டும். வருகிறவள் கண்ணில் முதலில் இதுதான் படவேண்டும். கேட்டில் ஒன்று, கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் ஒன்று, பஸ் ஸ்டாண்டு வரைக்கும். துட்டிப் போஸ்டர் அடிக்கும் கடைக்குப் போனால், இறப்புச் சான்றிதழ் கொண்டா என்கிறான் ஒருத்தன். இன்னொருத்தன், போன வாரம்தான அண்ணாச்சி கோமதி எங்க வீட்டு விசேஷத்துக்கு வாழ்த்துச் சொன்னா என்கிறான். அதனால்தான் வீட்டுப் பிரிண்டரிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், இந்தச் சனியனும் அவள் கட்சி.

மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பெத்தவன் நான். எனக்கு அவ செத்துட்டா. செத்துட்டானு சொல்ல எனக்கு உரிமை உண்டா இல்லையா? நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

மடத்தம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மொதல்ல மெஷினப் பாப்போம்."

சொர்ணலிங்கம் பெட்டியைத் தரையில் இறக்கினார்.

"இங்க வேண்டாம். இது பேச வேண்டியது உங்க வீட்டு வைஃபையோட. அங்க வச்சுத்தான் பாக்க முடியும்."

"அப்பம் நான் தூக்கிட்டு வந்தது?"

"தூக்கிட்டுப் போங்க."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பிரிண்டர் அவர்கள் தலையில் இறங்கியிருக்கும். சொர்ணலிங்கம் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மா குடையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

வீட்டில் சண்முகத்தாய் அடுப்பில் மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். காலையிலேயே புருஷன் சொல்லிவிட்டுப் போன வேலை. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். மடத்தம்மாவைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்து கும்பிட்டாள், மறுபடி உள்ளே போனாள்.

பிரிண்டர் வழக்கமான இடத்துக்கு, கோமதியின் அறை வாசலை ஒட்டிய ஸ்டூலுக்கு வந்தது. ஒயரைச் சொருகினார்கள். ஆரஞ்சு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

"பாருங்க. இதே பொழப்பு."

அம்மா சுவரில் இருந்த வைஃபை பெட்டியைப் பார்த்தார். அதன் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. சொர்ணலிங்கத்தின் போனை வாங்கிப் பார்த்தார். சிக்னல் முழுசாக இருந்தது. வரிசையாகக் கேட்டார். அணைத்துப் போட்டீர்களா? போட்டேன். வைஃபை பெட்டியை? அதையும். பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தீர்களா? வைக்காமலா, நாற்காலி போட்டு ஏறி அந்தப் பெட்டிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்?

"மண்டையில ரெண்டு போட்டேன்."

"கேட்டுச்சா?"

சொர்ணலிங்கம் முறைத்தார். அம்மா பிரிண்டரின் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தார். அது உறுமியது. உள்ளே ஏதோ ஓடித் திரும்பியது. ஒரு தாள் வெளியே வந்தது.

"வருது. இத்தன நாளும் நடிச்சிருக்கு."

"அடிக்கிறதுல அதுக்கு ஒரு கோளாறும் இல்ல, அண்ணாச்சி. அது நீங்க இருக்கிற எடத்துல இல்ல. வேற எங்கேயோ நிக்கி."

தாளில் பொடி எழுத்தாக ஏதேதோ இருந்தது. அம்மா ஒரு வரியில் விரலை வைத்தார். எந்த வைஃபையோடு சேரவேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறதோ, அந்தப் பெயர். கோமதி போன். அதற்கு நேரே, காணவில்லை.

சொர்ணலிங்கம் தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தார்.

அம்மா விளக்கினார். கொரோனா நேரத்தில் இந்தத் தெருவில் வீட்டு லைன் அடிக்கடி அறுந்துபோகும். கோமதி தன் போனில் இருந்தே நெட்டைத் திறந்துவிட்டு அதில் பிரிண்டரைச் சேர்த்திருக்கிறாள். லைன் பிறகு சரியாகிவிட்டது. பிரிண்டரை யாரும் மாற்றவில்லை. அது அவள் போனைத்தான் தேடும். போன் வீட்டில் இருந்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும்.

சொர்ணலிங்கத்துக்கு அது இப்போதுதான் உறைத்தது. மண்டிச் சிட்டை அடிக்கவேண்டும் என்றால் கூடத்தில் இருந்து ஒரு சத்தம் கொடுப்பார், கோமதி, அடி. தாள் வரும். அவள் வெளியூர் போன நாட்களில் வராது. மெஷினைச் செய்த கம்பெனிக்காரனைத் தாய் தகப்பனோடு சேர்த்துத் திட்டுவார். அவள் வந்ததும் மறுபடி வரும். இவர் திட்டியதால்தான் மெஷினுக்குப் புத்தி வந்தது என்று நினைத்துக்கொள்வார்.

"சரி. இப்பம் என்ன செய்யணும்?"

"ரெண்டு வழி இருக்கு. உங்க வீட்டு வைஃபைக்கு இருக்கிற பேர எடுத்துட்டு, அவ போன்ல இருக்கிற பேரையே வைக்கலாம். அவ போட்ட அதே பாஸ்வேர்டையும் போட்டுட்டா, பிரிண்டரத் தொடவே வேண்டாம். தேடிக்கிட்டு இருக்கிற பேரு கெடச்சிட்டா அதுவா வந்து சேந்துக்கிடும்."

"பாஸ்வேர்டு?"

"அவளுக்குத்தான் தெரியும். ஒரு போன் போட்டாப் போதும்."

உள்ளே பசை கிண்டும் சத்தம் நின்றது.

"இன்னொரு வழி என்ன?"

"அந்தப் பேர இதுகிட்ட இருந்து அழிச்சிட்டு, உங்க வைஃபையப் புதுசாச் சேக்கணும்."

பேரம் பேசியே வாழ்ந்தவர். இரண்டு விலை சொன்னால் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெயர் பாட்டுக்கு ஓரமாக இருக்கட்டும், இதையும் கூடச் சேர்த்துவிட முடியாதா என்று கேட்டார். இந்த மெஷினில் ஒரு பெயர்தான் நிற்கும் என்றார் அம்மா. நீங்கள் காலேஜில் பார்த்த ஆள், பாஸ்வேர்டை எப்படியாவது எடுத்துவிட மாட்டீர்களா என்றார். மாட்டேன் என்றார் அம்மா. சொர்ணலிங்கம் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீ ஒரு போனப் போட்டு அந்தப் பாஸ்வேர்டக் கேளு. நான் கேட்டம்னு சொல்லாத."

சண்முகத்தாய் நிலைப்படியில் வந்து நின்றாள். கரண்டியில் இருந்து பசை ஒழுகி அவள் கால் விரலில் விழுந்தது.

"எதுக்குனு கேட்டா, என்ன சொல்லட்டும்?"

சொர்ணலிங்கம் தன் போனை எடுத்தார். கோமதி பாப்பா என்று அவரே போட்டுவைத்த பெயர். அவள் காலேஜ் போன பிறகும் அதை மாற்றவில்லை. இந்த மாதம் முழுக்க வாயால் அவளைக் கொன்றுகொண்டிருந்தவர், போனில் இருந்து எடுக்கவில்லை. கட்டைவிரல் பெயருக்கு மேலே போய் நின்றது. நாலு வார்த்தை பேச வேண்டாம். பாஸ்வேர்டு என்னட்டி என்று ஒரு அதட்டல் போதும். அவள் சொல்லிவிடுவாள். எதுக்குப்பா என்று கேட்கவும் செய்வாள்.

போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டாவது வழியப் பாருங்க."

அம்மா பிரிண்டரின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினார்.

"இத அமுக்கிப் பிடிக்கணும். மினுக்கல் நிக்கிற வரைக்கும் விடக் கூடாது."

"அமுக்குங்க."

"நீங்க அமுக்குங்க."

"மெஷின் விவரம் தெரிஞ்சவங்க நீங்க."

"பிள்ள உங்க பிள்ள."

சொர்ணலிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சைப் புளிப்பில் வெடித்து வெடித்து ஆறிய கட்டைவிரல் பொத்தானின் மேல் இறங்கியது. விட்டுவிடலாம் என்றால் விடலாம். விட்டால் அது பாட்டுக்குத் தேடிக்கொண்டே இருக்கும். சண்முகத்தாய் நிலைப்படியில் நிற்பது கடைக்கண்ணில் தெரிந்தது. அவள் பார்க்கிறாள் என்பதனாலேயே இன்னும் அழுத்தினார்.

மினுக்கல் நின்றது. சத்தம் ஒன்றும் வரவில்லை. ஏதாவது சத்தம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார்.

மீதி வேலையை அம்மா முடித்தார். வீட்டு வைஃபையின் பெயரைப் போட்டார், சொர்ணலிங்கம் சொன்ன பாஸ்வேர்டைப் போட்டார். விளக்கு நீலமாக மாறி அசையாமல் நின்றது.

"சேந்துட்டு."

சொர்ணலிங்கம் போனைக் கையில் எடுப்பதற்குள் பிரிண்டர் தானாக உறுமியது. தாள் வந்தது. கறுப்புக் கட்டம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. கோமதி சிரித்தாள். சொர்ணலிங்கம் அதை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். ஜெயித்த ஆள் முகம் அவருக்கு ஒரு நொடி வந்தது. அடுத்த தாள் வந்தது. அதற்கடுத்தது வந்தது.

"நான் இன்னும் அமுக்கவே இல்லையே."

"முந்தி அமுக்கினது எல்லாம் போன்ல வரிசையில நின்னுக்கிட்டு இருந்திருக்கு."

எத்தனை தடவை அமுக்கினார் என்று அவருக்கே கணக்கு இல்லை. வரவில்லை என்றால் மறுபடி, வரவில்லை என்றால் ஆத்திரத்தில் இன்னும் நாலு தடவை. காலையில் எழுந்ததும் ஒரு மூச்சு, மண்டியில் இருந்து வந்து ஒரு மூச்சு. எல்லாம் வந்தது. தட்டு நிரம்பித் தாள்கள் தரையில் சரிந்தன. நிமிர்ந்து விழுந்ததில் எல்லாம் அதே சிரிப்பு. ஒன்று கோமதியின் அறைக்குள் போனது. ஒன்று வழுக்கிக்கொண்டு சமையலறை வாசல் வரை போய் நின்றது.

சண்முகத்தாய் குனிந்து அதை எடுத்தாள். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். விரலை வைத்துத் தோற்றம் என்பதைப் படித்தாள். விரல் நகர்ந்தது. மறைவு என்ற இடத்தில் வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பின் இரைச்சல் அடங்கியது.

"போதும்மா, நிறுத்துங்க. இவ்வளவு வேண்டாம்."

"நீங்க அனுப்பினதுதான் வருது, அண்ணாச்சி."

சொர்ணலிங்கம் ஒயரைப் பிடுங்கினார். பாதி வந்த தாள் கவ்வியபடி நின்றது. கூடத்தில் மை வாடை அடித்தது.

சண்முகத்தாய் வெளியே வந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். தலையில் காலையில் வைத்த பூ இல்லை. கோமதியின் அறை வாசலில் சுவரோடு சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். அழவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. விரிந்து கிடந்த தாள்களின் நடுவே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சொர்ணலிங்கம் பிடுங்கிய ஒயரைக் கையில் சுற்றினார்.

"ஏட்டி, வந்தவங்களுக்கு ஒரு காப்பி போடக் கூடாதா?" என்றார். குரல் மண்டிக் குரல் மாதிரி இல்லை.

அவள் திரும்பவில்லை. தானே உள்ளே போனார். பசைச் சட்டியில் மேலாக ஆடை கட்டியிருந்தது. பால் பாத்திரம் பக்கத்தில் இருந்தது. லைட்டரைக் கையில் எடுத்தார். அடுப்பைப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே லைட்டரை வைத்தார்.

திரும்பி வந்தபோது மடத்தம்மா தரையில் சண்முகத்தாய்க்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் நீட்டினார். சண்முகத்தாய் தன் கைகளை அதில் வைத்தாள். ஆறுதல் மாதிரிக்கூட ஒரு வார்த்தை இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அம்மா கையை விலக்கிக்கொண்டு எழுந்தார். சொர்ணலிங்கத்தைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும். தாண்டிப் போனார். முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டினார், குடையை எடுத்தார், படி இறங்கினார்.

எந்த வீட்டுக்குப் போனாலும், பெரியவர் சின்னவர் ஒருத்தர் விடாமல் வாரேன் சொல்லிவிட்டுத்தான் மடத்தம்மா படி இறங்குவார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக்கூடச் சொல்வார்.

சொர்ணலிங்கம் கேட் வரைக்கும் ஓடினார். முதலில் எடுத்துப் பார்த்த அந்தத் தாள் இன்னும் கையில் இருந்தது.

"அம்மா."

அவர் நின்றார். திரும்பவில்லை.

"நான் பேசினது ஏதும் தப்பா இருந்தா ஏசிட்டுப் போங்க. ஒரு வார்த்த சொல்லிக்கிடாமப் போறீங்களே."

"துட்டி வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாதுல்லா, அண்ணாச்சி."